பொதுச் சுகாதாரக் காப்பீட்டுக்குச் சான்று திரட்டுவது எப்படி? பல்கலைக்கழகமும் அரசும் சேர்ந்து உழைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

2008இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில அரசு ஒரு சங்கடத்தில் இருந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்எய்டில் இன்னும் சுமார் 10,000 பேரைச் சேர்க்கத்தான் கையில் பணம் இருந்தது. பெயர் கொடுத்திருந்தவர்களோ ஏறக்குறைய 90,000 பேர். யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது? சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான் நியாயம் என்று முடிவெடுத்தார்கள்.

நியாயத்துக்காகச் செய்த அந்தக் குலுக்கல், ஆராய்ச்சியில் அரிதாகவே வாய்க்கும் ஒரு வாய்ப்பாகவும் அமைந்தது. பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் பிரித்தது அதிர்ஷ்டம் மட்டும்தான். பின்னாளில் இந்த இரண்டு கூட்டத்தாரின் வாழ்க்கையிலும் தெரியும் வேறுபாடு காப்பீட்டால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாநில அரசுடன் சேர்ந்து அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். காப்பீடு என்னென்ன செய்யும், எதைச் செய்யாது என்று உலகம் இன்று பேசும் பல விஷயங்கள் அந்த ஆய்விலிருந்து வந்தவை.

இந்த வழிகாட்டி இரண்டு பேருக்காக எழுதியது. ஒருவர், அரசு காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரி. மற்றவர், அந்தத் திட்டத்தை ஆராய விரும்பும் பல்கலைக்கழக ஆய்வாளர். இவர்கள் சேர்ந்து செய்யும் வேலை பாதியில் நின்றால், காரணத்தைப் புள்ளியியலில் தேட வேண்டாம். கேள்வி தெளிவாக இருந்ததா, ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியிருந்ததா, விடை காலத்தில் வந்ததா என்று பாருங்கள். அதனால்தான் கீழே உள்ள படிகளில் பாதி, தரவைத் தொடுவதற்கு முன்பே முடிய வேண்டியவை.

படி 1: எடுக்கப்போகும் முடிவை முதலில் எழுதுங்கள்

"நம் திட்டம் நன்றாக நடக்கிறதா?" என்று அதிகாரி கேட்பார். "உங்கள் தரவைக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்பார் ஆய்வாளர். இரண்டு ஆண்டு கழித்து இருவருக்கும் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் ஒவ்வொரு முறையும் முன்அனுமதி கேட்பதை அடுத்த நிதியாண்டிலிருந்து நிறுத்தலாமா?" இதில் ஒரு முடிவு இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது, ஆம் அல்லது இல்லை என்று சொல்ல இடமிருக்கிறது. கேள்வியை எழுதியதும் அதன் கீழேயே மூன்று வரி சேர்த்துவிடுங்கள்: முடிவு எடுப்பவர் யார், எந்தத் தேதிக்குள், எந்த மாதிரி விடை வந்தால் அவர் மனம் மாறும். எந்த விடை வந்தாலும் முடிவு மாறாது என்றால், அந்த ஆய்வுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இதை முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுக் கேட்பது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேளுங்கள்.

பிறகு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வரவுசெலவுத் திட்டம் உறுதியாகும் மாதம் எது? கோப்பு அதற்கு எத்தனை வாரம் முன்பு மேசைக்கு வர வேண்டும்? ஒன்பது மாதம்தான் இருக்கிறது என்றால், மூன்று ஆண்டு ஆய்வைத் திட்டமிட்டுப் பயனில்லை. ஒன்பது மாதத்தில் நேர்மையாகச் சொல்லக்கூடியது எதுவோ அதைத் தேடுங்கள்.

எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வது என்பதையும் இருவர் மட்டும் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை. இதில் தாய்லாந்திடம் கற்க நிறைய உண்டு. 2002இல் சட்டமான அங்கத்திய அனைவருக்குமான காப்பீட்டுத் திட்டத்தில் எந்தச் சிகிச்சையைப் புதிதாகச் சேர்க்கலாம் என்று ஆராயப் பரிந்துரைக்கும் உரிமை ஏழு தரப்புக்கு உண்டு: கொள்கை வகுப்போர், மருத்துவத் துறையினர், கல்வியாளர்கள், நோயாளிக் குழுக்கள், குடிமைச் சமூக அமைப்புகள், மருந்து மற்றும் கருவி நிறுவனங்கள், பொதுமக்கள். முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெற எவ்வளவு செலவு வரை ஏற்கலாம் என்பதற்கும் அவர்கள் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 2013இல் அது 1,60,000 பாட். வரம்பு எல்லோருக்கும் தெரிந்த எண்ணாக இருப்பதால், சிகிச்சையைக் கேட்டவர் யார் என்பதைவிட அந்தச் சிகிச்சை எவ்வளவு பயன் தருகிறது என்பதில் பேச்சு நிற்கும்.

படி 2: உறவுக்கு ஒரு வடிவம் கொடுங்கள்

மூன்று வடிவங்கள் நடைமுறையில் இருக்கின்றன.

முதலாவது, அரசுக்குள்ளேயே ஓர் ஆய்வுப் பிரிவு. தாய்லாந்தில் 2007இல் தொடங்கிய ஹைடாப் என்ற ஆய்வு அமைப்பு இப்படிப்பட்டது. பொதுச் சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்திருந்தாலும் ஓரளவு தன்னாட்சியோடு இயங்குகிறது. இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்குள் நிரந்தரமான ஒரு மையம். அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள ஹில்டாப் நிறுவனம் 1994 முதல் அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறையோடு வேலை செய்கிறது. மூன்றாவது, ஒரே ஒரு திட்டத்தை மதிப்பிட ஓர் ஒப்பந்தம். 2014 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலம் மெடிக்எய்டை விரிவாக்கியபோது மிச்சிகன் பல்கலைக்கழகம் அதை மதிப்பிட்டது இந்த வகை.

என்னைக் கேட்டால், வாய்ப்பு இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். காப்பீட்டுத் தரவைப் புரிந்துகொள்ளவே ஓர் ஆண்டுக்கு மேல் பிடிக்கும். ஒற்றை ஒப்பந்தம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் அந்த அறிவும் கலைந்துவிடும். நிரந்தர மையத்துக்குக் காலையில் போன் செய்து, "போன ஆண்டு எத்தனை பேருக்கு இரண்டாவது முறை இதய அடைப்பு சிகிச்சை நடந்தது?" என்று கேட்டால் வாரக் கடைசிக்குள் பதில் வரும். பெரிய ஆய்வுகளைவிட இந்தச் சின்னப் பதில்கள்தான் அதிகாரியின் நம்பிக்கையைச் சம்பாதிக்கும்.

எந்த வடிவமானாலும் இரு பக்கமும் ஒரு பெயர் வேண்டும். "துறை பார்த்துக்கொள்ளும்", "குழு பார்த்துக்கொள்ளும்" என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: நல்ல உறவு இருக்கும்போதே ஒப்பந்தத்தை எழுதுங்கள்

முடிவு கசப்பாக வந்தால் என்ன செய்வது என்பதைக் கசப்பு வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் மிக முக்கியமான பத்தி, வெளியிடும் உரிமை பற்றியது. நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு இதுதான்: வெளியிடுவதற்கு முன் அறிக்கையை அரசு 30 நாள் வைத்துப் படிக்கலாம், தகவல் பிழை இருந்தால், ஒரு பயனாளியை அடையாளம் காட்டும் விவரம் இருந்தால் சுட்டிக்காட்டலாம், வெளியீட்டைத் தடுக்க முடியாது. நாள் கணக்கு எழுத்தில் இருக்கட்டும். "அரசின் ஒப்புதலுக்குப் பின் வெளியிடப்படும்" என்ற ஒரே ஒரு வாக்கியத்தால் ஒரு முழு ஆய்வும் அலமாரியில் தூங்கிவிடக்கூடும்.

ஆய்வாளர் பக்கமும் ஒரு கடமை உண்டு. அமைச்சரும் செயலரும் முடிவைச் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரவே கூடாது. எதிர்பாராத ஒன்று தரவில் தெரிந்தால், அது முழுதாக உறுதியாவதற்கு முன்பே "இப்படி ஒன்று தென்படுகிறது, சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒளிவில்லாமல் எழுதுங்கள். மெடிக்எய்டில் நிர்வாகச் செலவின் பாதியை அமெரிக்க மத்திய அரசு ஏற்கும் என்பதால், மாநிலமும் பொதுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்தப் பங்கைக் கொண்டு ஆய்வு மையங்களை நடத்த வழி பிறந்தது. மற்ற நாடுகளில் திட்டச் செலவில் ஒரு சிறு பங்கை மதிப்பீட்டுக்கென்று தனியாக ஒதுக்கலாம். எப்படி இருந்தாலும் தவணைகளை வேலை முடியும் கட்டங்களோடு இணையுங்கள். "சாதகமான முடிவு வந்தால் அடுத்த தவணை" என்ற நிழல்கூட அதில் விழக்கூடாது.

இது போக, தரவு யாருக்குச் சொந்தம், ஒப்பந்தம் முடிந்ததும் பல்கலைக்கழகத்தின் பிரதியை எப்போது அழிக்க வேண்டும், கணக்கிட எழுதிய கணினி நிரல்கள் யாரிடம் இருக்கும் ஆகியவற்றை வழக்கறிஞர்களே வரைந்துவிடுவார்கள். அதிகம் கவலைப்பட வேண்டாம்.

படி 4: தரவைக் கொடுப்பதற்கு முன் ஆளைக் காப்பாற்றுங்கள்

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் காப்பீட்டைக் கவனிக்கும் அமைப்பு மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. பெயர், முகவரி எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகரத்து வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி அந்தப் பட்டியலில் ஆறு பேருக்கு இருந்தது. அதில் மூவர் ஆண்கள். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் இருந்தது ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு ஸ்வீனியின் கைக்கு வந்துவிட்டது.

பெயரை அழிப்பது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். பிறந்த தேதிக்குப் பதிலாக வயதைக் கொடுங்கள். சின்ன ஊருக்குப் பதிலாக மாவட்டத்தைக் கொடுங்கள். அட்டை எண்ணை மாற்று எண்ணாக்குங்கள். இரண்டையும் இணைக்கும் சாவி அரசிடம் மட்டும் இருக்கட்டும். அறிக்கையில் வரும் அட்டவணைகளில் சிறிய எண்களை மறையுங்கள். அமெரிக்க மத்திய அரசின் காப்பீட்டுத் தரவைப் பயன்படுத்துபவர்கள் 11க்குக் குறைவான எண்ணிக்கையை அப்படியே காட்டக் கூடாது என்பது விதி. ஒரு மாவட்டத்தில் ஒரு நோய்க்கு இரண்டே பேர் என்று அச்சிட்டால் ஊரில் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும்.

சட்டத்தின் பக்கம் தைவானைப் பாருங்கள். 1995இல் தொடங்கிய அந்நாட்டின் தேசியச் சுகாதாரக் காப்பீட்டின் தரவு பல ஆண்டுகளாக ஆராய்ச்சிக்குப் பயன்பட்டு வந்தது. 2022இல் அங்கத்திய அரசியல் சாசன நீதிமன்றம், தன் தரவு ஆய்வுக்குப் போவதை ஒருவர் மறுக்க வழியில்லாத நிலை சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, மூன்று ஆண்டுக்குள் சட்டத்தைச் சரிசெய்யச் சொன்னது. விலகிக்கொள்ள ஒரு வழியை முதலிலிருந்தே வையுங்கள். தங்கள் தரவு எதற்குப் போகிறது என்று பயனாளிகளுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்.

தரவை இடம்விட்டு இடம் நகர்த்தாமலும் வேலை செய்யலாம். அமெரிக்காவில் 2017இல் தொடங்கிய ஒரு கூட்டமைப்பில், ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகமும் தன் மாநில மெடிக்எய்ட் தரவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே வடிவத்துக்கு அதை மாற்றி, ஒரே நிரலை ஓட்டி, கூட்டுத்தொகைகளை மட்டும் பகிர்ந்தார்கள். 11 மாநிலங்களைச் சேர்த்துப் பார்த்ததில், மெடிக்எய்ட் பயனாளிகளில் ஓபியாய்டு என்னும் போதை தரும் வலிநிவாரணிப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டதாகப் பதிவானவர்களின் பங்கு 2014இல் 3.3 சதவீதமாக இருந்தது 2018இல் 5 சதவீதமாக உயர்ந்திருந்தது தெரியவந்தது. தனி ஒருவரின் பதிவு எதுவும் மாநில எல்லையைத் தாண்டவில்லை.

படி 5: க்ளெய்ம் வரிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சரி, தரவு வந்துவிட்டது. உடனே கணக்குப் போடத் தொடங்காதீர்கள். க்ளெய்ம் என்பது சிகிச்சைக்கான பணத்தைக் கேட்டு மருத்துவமனை அனுப்பும் கோரிக்கை. அந்தப் பதிவில் நான்கு வரிகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நான்கிலும் ஒரே அட்டை எண், 27 வயதுப் பெண்.

முதல் வரி: சிசேரியன் பிரசவம், ஒரு தொகை. இரண்டாவது வரி: இரண்டு நாள் கழித்து, பச்சிளம் குழந்தைக்கான மஞ்சள் காமாலைச் சிகிச்சை. மூன்றாவது வரி: முதல் வரி அப்படியே, தொகைக்கு முன் கழித்தல் குறி. நான்காவது: மறுபடியும் சிசேரியன், கொஞ்சம் குறைந்த தொகை.

பழக்கமில்லாத கண்ணுக்கு, 27 வயதுப் பெண்ணுக்குப் பச்சிளம் குழந்தையின் நோய் வந்ததாகவும், அவள் மூன்று முறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதாகவும் தெரியும். நடந்தது வேறு. குழந்தைக்கு இன்னும் தனி அட்டை வரவில்லை. தாயின் எண்ணிலேயே க்ளெய்ம் போட்டிருக்கிறார்கள். முதல் க்ளெய்மை ரத்து செய்து, தணிக்கைக்குப் பின் குறைந்த தொகைக்கு மீண்டும் ஏற்றிருக்கிறார்கள். ஆக, ஆள் இரண்டு, சிகிச்சை இரண்டு, வரி நான்கு.

இதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட, தினமும் க்ளெய்ம் சரிபார்க்கும் ஊழியர் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார். முதல் மாதம் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். அவர் சொல்வதையெல்லாம் எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று ஒரு தரவு அகராதி தயாரியுங்கள். அவர் பெயரையும் அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் போடுங்கள்.

க்ளெய்மில் என்ன இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மருத்துவமனைக்கே வராதவர் அதில் இல்லை. அட்டை இருந்தும் வெளியே மருந்து வாங்கச் சொல்லப்பட்டவர் கொடுத்த பணம் அதில் இல்லை. வீட்டில் நடந்த மரணம் அதில் இல்லை. இவற்றுக்கு வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்புதான் வழி.

படி 6: திட்டம் தொடங்குவதற்கு முன் ஒப்பீட்டைத் தயார் செய்யுங்கள்

எல்லோரையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டால், பிறகு யாரோடு யாரை ஒப்பிடுவது? முன்பும் பின்பும் பார்த்தால், இடையில் மாறிய மற்ற எல்லாமும் கலந்துவிடும். ஆனால் எந்த அரசாலும் ஒரே நாளில் எல்லோரையும் சேர்க்க முடியாது. யார் முதலில், யார் பிறகு என்ற வரிசை எப்படியும் இருக்கப் போகிறது. அந்த வரிசையை ஆய்வுக்கு உதவும்படி அமைத்துக்கொள்வதுதான் இந்தப் படி.

மெக்சிகோ அரசு செகுரோ பாப்புலர் காப்பீட்டை விரிவாக்கியபோது, ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றுக்கொன்று ஒத்த மருத்துவப் பகுதிகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தார்கள். 7 மாநிலங்களில் 74 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று குலுக்கல் முறையில் முதலில் திட்டத்துக்குள் வந்தது. ஜோடி சேர்த்ததில் ஓர் அரசியல் ஞானமும் இருந்தது. ஏதோ ஒரு பகுதியின் தலைவர் அழுத்தம் கொடுத்து முந்திக்கொண்டால், அந்த ஜோடியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கொண்டு ஆய்வைத் தொடரலாம். அரசியல் குறுக்கிடும் என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டு வகுத்த ஆய்வு அது. எனக்கு இது மிகவும் பிடித்த முறை.

குலுக்கலே முடியாத இடத்தில் எல்லைக்கோடு உதவும். கர்நாடகத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ திட்டம் 2010இல் வடக்கு மாவட்டங்களில் முதலில் வந்தது. ஆய்வாளர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த கிராமங்களை ஒப்பிட்டார்கள். மொழி, மழை, கூலி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். காப்பீடு மட்டும் வேறு. திட்டம் இருந்த பக்கத்தில், அது ஏற்கும் நோய்களால் ஏழைக் குடும்பங்களில் நேர்ந்த மரணம் 64 சதவீதம் குறைவாக இருந்தது. மருத்துவமனைக்காகக் கையிலிருந்து கொடுத்த செலவு 34 சதவீதம் குறைவு.

திட்டம் வருவதற்கு முன்பே எடுக்கும் முன்நிலைக் கணக்கெடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். 2018 ஜூனில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம், மாதம் 80 மணி நேர வேலையையோ அதற்கு இணையான ஒன்றையோ பதிவு செய்தால்தான் மெடிக்எய்ட் என்று விதித்தது. 18,000க்கும் மேற்பட்டவர்கள் காப்பீட்டை இழந்தார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்களிடம் 2016இலேயே எடுத்த தொலைபேசிக் கணக்கெடுப்பு இருந்ததால் ஒப்பிட முடிந்தது. வேலைவாய்ப்பு கூடவில்லை. விதிக்கு உட்பட்ட வயதினரில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் ஏற்கனவே நிபந்தனையை நிறைவு செய்தவர்கள், அல்லது விலக்குப் பெறத் தகுதியானவர்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தியது. அந்தப் பழைய கணக்கெடுப்பு இல்லாமல் போயிருந்தால் இது வெறும் வாய்ச்சண்டையாகவே முடிந்திருக்கும்.

படி 7: எதை, எவ்வளவு காலம் அளப்பது என்று முன்பே பதிவு செய்யுங்கள்

முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால் யார் நம்புவார்கள்? அதனால் அளக்கப்போகும் பட்டியலைக் கணக்குப் போடத் தொடங்குவதற்கு முன்பே பொதுவெளியில் பதிவு செய்துவிடுங்கள்.

பட்டியலில் உடல்நலம் மட்டும் இருந்தால் போதாது. ஓரிகனில் சுமார் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் சர்க்கரையிலும் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதப் புள்ளி குறைந்தது. குடும்பத்தை நிலைகுலைய வைக்கும் மருத்துவச் செலவு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. மெக்சிகோவிலும் அப்படித்தான்: 10 மாதத்தில் உடல்நலத்தில் மாற்றம் தெரியவில்லை, பேரிழப்பாகும் மருத்துவச் செலவு 23 சதவீதம் குறைந்தது. காப்பீடு என்பது முதலில் கடனிலிருந்து காப்பது. அதை அளக்காமல் விட்டிருந்தால் இரண்டு திட்டங்களையும் தோல்வி என்று எழுதியிருப்பார்கள்.

எதிர்பார்ப்புக்கு நேர்மாறான விடைக்கும் தயாராக இருங்கள். காப்பீடு கிடைத்தால் ஆட்கள் அவசரப் பிரிவுக்கு வருவது குறையும் என்று பலர் நம்பினார்கள். ஓரிகனில் அது சுமார் 40 சதவீதம் கூடியது. குலுக்கலில் பெயர் விழுந்தவர்களிலும் கடைசியில் காப்பீட்டுக்குள் வந்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம்தான். பலர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பவில்லை, பலர் தகுதி பெறவில்லை. படிவமே ஒரு சுவர் என்பதும் கொள்கைக்கு வேண்டிய ஒரு விடைதான்.

படி 8: விடையை முடிவு எடுப்பவரின் மொழியில் கொடுங்கள்

இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் படி 1இல் எழுதிய கேள்வியும் அதற்கான விடையும் இருக்கட்டும். அப்புறம் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், எந்த இடத்தில் ஐயம் இருக்கிறது என்பது. "புள்ளியியல் ரீதியில் முக்கியத்துவம் இல்லை" என்பதை "மாற்றம் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஆட்கள் குறைவாக இருந்ததால் தெரியாமல் போனதும், உண்மையிலேயே எதுவும் நடக்காததும் வேறு வேறு. ஓரிகன் முடிவை வைத்து அமெரிக்காவில் நடந்த வாதங்களில் இந்தக் குழப்பம் பெரும்பங்கு வகித்தது.

கடைசியில் செய்யக்கூடிய இரண்டு மூன்று வழிகளையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவையும் எழுதுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவர்களிடமே விடுங்கள். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

படி 9: ஆள் மாறினாலும் வேலை நிற்காமல் பாருங்கள்

அதிகாரி மாற்றலாகிப் போவார். ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்புவார். ஆட்சியும் மாறும், செகுரோ பாப்புலரே 2020இல் இல்லாமல் போனது. ஆகவே, தொடக்கத்திலிருந்தே ஒரு கைமாற்றுக் கோப்பு வைத்திருங்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தம், தரவு அகராதி, குறிப்புகளோடு கூடிய நிரல்கள், இதுவரை கேட்ட கேள்விகளும் சொன்ன விடைகளும், எந்த விடையைக் கொண்டு எந்த முடிவு எடுத்தார்கள் என்ற பட்டியல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரு அலுவலகங்களிலும் ஒவ்வொரு பிரதி. புதியவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் அந்தக் கோப்போடு நேரில் போய்ப் பாருங்கள். முன்னவர் கேட்டு விடை பாதியில் நிற்கும் கேள்வி எது என்று காட்டி, அது இவருக்கும் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், மறுபடி படி 1.